கல்லில் நிற்கும் வாள்: தருமபுரி நடுகற்களை அறிதலும் துலக்குதலும் காத்தலும்

தருமபுரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் மானாவாரிக் கொல்லைகளிலும் புளியமரத்தடிகளிலும் நிற்கும் நடுகற்கள், போரிலும் ஆநிரைப் பூசலிலும் இறந்த வீரர்களுக்காக எடுக்கப்பட்ட நினைவுக் கற்கள். ஒரு பலகைக்கல், அதில் புடைப்பாகச் செதுக்கிய ஓர் ஆண் உருவம், கையில் வாளும் வில்லும், தலைக்கு மேலோ பக்கத்திலோ சில வரி எழுத்து: பெரும்பாலான கற்களின் அமைப்பு இவ்வளவுதான். ஆனால் கி.பி. 6ஆம் நூற்றாண்டு முதல் இப்பகுதியில் யார் ஆண்டார்கள், எந்த ஊரை யார் தாக்கினார்கள், எந்த ஆயுதம் புழக்கத்தில் இருந்தது என்பதற்கெல்லாம் இந்தக் கற்களே முதன்மையான சான்று. அரண்மனைகளோ ஆயுதச் சாலைகளோ இங்கு மிஞ்சவில்லை. வீரர்கள் ஏந்திய இரும்பு வாள்களும் மிகச் சிலவே கிடைத்திருக்கின்றன. வாளின் வடிவம் கல்லில்தான் தங்கியிருக்கிறது.

கல் எடுக்கும் வழக்கம் பழைய இலக்கியத்திலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் இதை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதைக் கொள்வது கால்கோள், நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை, நடுவது நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை, இறுதியில் வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகளுக்கே இந்தப் பெயர்கள் இடப்பட்டுள்ளன. கண்ணகிக்கு இமயத்தில் எடுத்த கல்லும் ஒரு சிற்றூர் வீரனுக்கு எடுத்த கல்லும் ஒரே முறையில்தான் நடப்பட்டன. கல்லைக் கழுவித் தூய்மை செய்வது சடங்கின் ஓர் அங்கமாகவே இருந்தது என்பதும் இதனால் தெரிகிறது.

இந்த வழக்கத்தோடு தருமபுரிக்கு நேரடித் தொடர்பு உண்டு. பழைய தகடூரே இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவனுக்கு நடப்பட்ட கல்லைப் பற்றி ஒளவையார் பாடிய பாடல் புறநானூற்றின் 232ஆவது பாட்டு. கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதை ஏற்பானா என்று புலவர் கலங்குகிறார். இதே அதியமான் மரபினன் ஒருவன் சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 1981இல் திருக்கோவிலூர் வட்டத்து ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் அவன் பெயருக்கு முன் வரும் பட்டம், அசோகனின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு விடையாக அமைந்தது. அதியமானுக்கு நட்ட கல் கிடைக்கவில்லை. ஆனால் அவன் நாட்டில் அவனுக்குப் பின் பல நூற்றாண்டுகள் கல் நடுவது நிற்கவே இல்லை.

தமிழ்நாட்டில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய எழுத்துடைய நடுகற்கள் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டவை. தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த அவற்றில் உருவம் எதுவும் இல்லை. பெயரும் செய்தியும் மட்டுமே உண்டு. தருமபுரி, செங்கம், கிருஷ்ணகிரிப் பகுதிக் கற்களில்தான் உருவமும் எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்து பெருந்தொகையாக வருகின்றன. காடும் மலையும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த இந்த வட்டாரம் கன்னட, தெலுங்கு, தமிழ் நாடுகள் சந்திக்கும் இடம். கால்நடையே இங்கு பெருஞ்செல்வம். அதைக் கவர்வதும் மீட்பதும் ஓயாத வேலையாக இருந்ததால், மீட்கப் போய் இறந்தவர்களின் கற்களும் ஊர்தோறும் பெருகின.

ஒரு கல்லை நடுகல் என்று இனங்காணும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பகுதி. நடுகல்லின் கீழ்ப்பகுதி உளி படாமல் கரடாக விடப்பட்டிருக்கும். மண்ணில் புதைவதற்கான பகுதி அது. கோயில் சுவரிலிருந்து பெயர்ந்து வந்த சிற்பப் பலகைக்கு இந்தக் கரட்டு அடி இராது. பல இடங்களில் நடுகல்லைச் சுற்றி மூன்று பக்கமும் பலகைக்கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்துச் சிறு வீடு போலக் கட்டியிருப்பார்கள். வெயிலும் மழையும் நேராகப் படாமல் அந்தக் கல்வீடு காத்ததால்தான் சில கற்களின் எழுத்து இன்றும் கூர்மையாக இருக்கிறது.

அடுத்தது உருவம். பல்லவர் காலக் கற்களில் வீரன் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முன்வைத்துப் பாயும் நிலையில் இருப்பான். இடக்கையில் வில், வலக்கையில் வாள் அல்லது குறுவாள். இடைக்கச்சில் இன்னொரு சிறு கத்தி செருகியிருக்கலாம். உடலில் அம்புகள் தைத்திருந்தால் அவன் எப்படி இறந்தான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். காலடியில் மாடுகள் இருந்தால் ஆநிரைப் பூசல். எதிரே புலி பாய்ந்தால் அது புலிகுத்திக்கல். காட்டுப்பன்றியோடு மோதி இறந்தவனுக்கும் கல் உண்டு. காலத்தால் பிந்திய கற்களில் வீரனின் இருபுறமும் தேவமாதர் சாமரம் வீசி அவனை வானுலகுக்கு அழைத்துச் செல்வார்கள். கல் இரண்டு மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, கீழே போர், நடுவே வானேற்றம், மேலே சிவலிங்கத்தின் முன் வீரன் என்று கதை மேல்நோக்கி நகரும். கன்னட நாட்டு வீரக்கல் மரபின் செல்வாக்கு இது. தன் தலையைத் தானே வாளால் அரிந்து கொற்றவைக்குக் கொடுப்பவனின் உருவமும் சில ஊர்களில் உண்டு. அது போரில் பட்டவனின் கல் அன்று, நவகண்டக் கல்.

ஆயுதம்தான் காலத்தைக் கணிக்க எழுத்துக்கு அடுத்தபடியாகத் துணை செய்வது. முற்காலக் கற்களில் வாள் பெரும்பாலும் குட்டையானது, அலகு நேரானது. வில்லோடு சேர்ந்தே அது வருவதால், தொலைவில் அம்பும் நெருங்கியபின் வாளும் என்று சண்டை நடந்த முறை விளங்குகிறது. விசயநகர, நாயக்கர் காலக் கற்களுக்கு வரும்போது வாள் நீள்கிறது. வளைந்த அலகும் கேடயமும் கட்டாரியும் வருகின்றன. வில் பின்னுக்குப் போகிறது. கைப்பிடியைக் கூர்ந்து பார்ப்பது பலன் தரும். பிடியின் தலையில் குமிழ் உண்டா, விரல்களைக் காக்கும் வளைவு உண்டா, அலகும் பிடியும் சேரும் இடத்தில் குறுக்குப் பட்டை உண்டா என்பவை காலத்துக்கு ஏற்ப மாறுபவை. சிற்பி வீரனின் முகத்தைப் பொதுப்படையாகச் செதுக்கினாலும், பார்த்துப் பழகிய ஆயுதத்தை ஓரளவு உள்ளபடியே செதுக்கியிருப்பான். ஆகவே முகத்தைவிடக் கையை நம்பலாம்.

எழுத்துள்ள கல்லில் வாசகம் ஓர் ஒழுங்கில் செல்லும். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். பிறகு அப்பகுதியை அவனுக்குக் கீழ் ஆண்ட தலைவன். அந்தத் தலைவனின் சேவகனான வீரன். எந்த ஊர்மேல் யார் வந்தபோது, யாருடைய தொறுவை மீட்டு அவன் பட்டான் என்ற செய்தி. கடைசியில் இது அவன் கல் என்ற முடிப்பு. தொறு என்பது மாட்டு மந்தை. அரசர் பெயர்கள் வடமொழி வடிவில் இல்லாமல் ஊர்ப்பேச்சில் வழங்கியபடியே வரும்: சிம்மவிஷ்ணு சிங்கவிண்ண பருமர் ஆவான், மகேந்திரவர்மன் மயீந்திர பருமர் ஆவான். கங்கரும் வாணரும் பல்லவருக்கு அடங்கிய தலைவர்களாகப் பல கற்களில் தோன்றுகிறார்கள். தகடூர் நாடு, புறமலை நாடு போன்ற நாட்டுப் பிரிவுகளின் பெயர்களும் இவற்றிலிருந்துதான் தெரியவருகின்றன. காஞ்சியில் வடமொழிச் செப்பேடுகள் எழுதப்பட்ட அதே காலத்தில் தகடூர்க் காட்டில் வட்டெழுத்தில், பேச்சுக்கு நெருங்கிய தமிழில், ஒரு மாட்டுக்காரனின் சாவு பதிவாகிக்கொண்டிருந்தது. பல்லவர் ஆட்சி வடமேற்கே எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கும், 6, 7ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை எப்படி இருந்தது என்பதற்கும் இந்த எளிய கற்களை விட்டால் வேறு சான்று குறைவு.

இவ்வகைக் கற்களில் பலரும் அறிந்தது தருமபுரி மாவட்டத்துக்கு அடுத்துள்ள செங்கம் வட்டாரத்தின் எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்டது. 7ஆம் நூற்றாண்டின் முதற்பகுதி. தொறுவுக்காகப் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாக எழுதியிருக்கிறார்கள். பேரரசனின் பெயரும் நாயின் பெயரும் ஒரே கல்லில் வருகின்றன. ஊரார் யாருக்கு நன்றி சொல்ல விரும்பினார்கள் என்பதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் தருமபுரிப் பகுதிக்கு வந்தபின் கன்னட எழுத்துடைய கற்களும் சேர்ந்தன. சோழர் ஆட்சி பரவியதும் வட்டெழுத்து மெல்ல மறைந்து தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. ஓய்சளர், விசயநகரர் காலங்களிலும் கல் எடுத்தார்கள். ஆனால் எழுத்து அருகி, உருவம் மட்டுமே நிற்கும் கற்கள் கூடின. எழுத்தில்லாத கல்லுக்குக் காலம் சொல்ல, மேலே சொன்ன ஆயுதமும் தலைக்கட்டும் உடையும் நிலைப் பிரிப்புமே வழி. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது ஆபத்து. இரண்டு மூன்று குறிகள் ஒத்துவந்தால்தான் நூற்றாண்டைக் குறிக்கலாம்.

இந்தக் கற்களை முறையாகத் தேடிப் படித்த பணி அண்மைக்காலத்தது. 1961இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தொடங்கப்பட்டது. இரா. நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலத்தில் ஊர் ஊராகச் சென்று கற்களைப் பதிவு செய்தார்கள். 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலும் 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ முதல் தொகுதியும் வெளிவந்தன. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்குள் அப்போது இன்றைய கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்தது; 2004இல்தான் அது தனி மாவட்டமானது. ஆகவே பழைய பதிவுகளில் தருமபுரி என்று குறிக்கப்பட்ட ஒரு கல்லைத் தேடிப் போகிறவர் முதலில் இன்றைய எல்லையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கல்லில் உள்ள வாள்கள் எந்த இரும்பால் ஆனவை என்ற கேள்விக்கு அகழாய்வுகள் விடை தருகின்றன. காந்தக்கல் தாது நிறைந்த சேலம், தருமபுரி வட்டாரத்தில் இரும்பு உருக்கும் தொழில் மிகப் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டு 2022இல் அறிவிக்கப்பட்டது. மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய தெலுங்கனூரின் ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த வாளை ஆராய்ந்தபோது அது கார்பன் மிகுந்த எஃகு என்பது தெரிந்தது. அதன் காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி. நடுகற்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் நல்ல வாள் அடிக்கத் தெரிந்த கொல்லர்கள் இருந்தார்கள்.

அவ்வாள்களில் மிகச் சிலவே மிஞ்சியதற்குக் காரணங்கள் பல. இரும்பு ஈர மண்ணில் துருவாகிக் கரைந்துவிடும். பழைய வாளைக் கொல்லன் உலையில் போட்டுக் கொழுவாகவும் அரிவாளாகவும் அடித்துவிடுவான்; இரும்பு விலை மதிப்புள்ளதாக இருந்த காலத்தில் அது இயல்பே. கடைசியாக ஆங்கிலேயர் ஆட்சி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சை அரசு பறிபோனபின் அதன் ஆயுதச் சாலையில் இருந்தவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில மட்டும் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1878இன் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வாள் அடிக்கும் கொல்லனுக்கு அதன்பின் வேலை இல்லை.

அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1876இல், ஜப்பானிலும் பொது இடத்தில் வாள் தரிப்பது தடை செய்யப்பட்டது. அங்கே நடந்தது வேறு. ஜப்பானிய வாளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே செருகப்படும் ட்சுபா என்ற தட்டுக் காப்பு தனியாகக் கழற்றக்கூடியது. நடுவில் அலகின் வால் நுழையும் துளை, அதன் பக்கத்தில் சிறு கத்திக்கான துளைகள், பலவற்றில் துளையை ஒட்டிச் செய்தவனின் பெயர். தடைக்குப் பின் இந்தக் காப்புகள் வாளிலிருந்து பிரிக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கலைப்பொருளாக ஏராளமாகச் சென்றன. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் அவை உண்டு. அவற்றில் பலவற்றுக்குச் செய்தவன் யார் என்பது தெரியும். யாருடைய இடையில் அது இருந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. எழுத்துள்ள தருமபுரிக் கல்லில் இது தலைகீழ். வாளை ஏந்தியவனின் பெயர், ஊர், தலைவன், இறந்த ஆண்டு எல்லாம் உண்டு. அதை அடித்த கொல்லனின் பெயர் எங்கும் இல்லை.

துலக்கும் முறையில் கல்லுக்கும் இரும்புக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: பொருளின் மேல் காலம் படிய வைத்த தோலை உரிக்கக் கூடாது. இரும்பு ட்சுபாவின் கருமை கலந்த பழுப்பு நிறம் அதன் மதிப்பில் பாதி. அமிலத்தில் ஊறவைத்து அதைப் பளபளப்பாக்கியவர் அந்தப் பொருளைக் கெடுத்தவர் ஆகிறார். செந்துருவை மட்டும் எலும்பு அல்லது மான்கொம்புச் சிராயால் மெல்லத் தேய்த்து எடுத்துத் துணியால் துடைப்பதே அங்கே மரபு. நம் ஊர்க் கோயில்களின் முன் நிற்கும் பெரிய அரிவாள்களையும் சூலங்களையும் புளி, எலுமிச்சை போட்டுத் துலக்குவதும், முனையில் எலுமிச்சம்பழம் குத்தி வைப்பதும் வழிபாட்டில் இருக்கும் புதுப்பொருளுக்குப் பொருந்தலாம். பழைய இரும்புக்கு அந்தப் புளிப்பு நஞ்சு. அகழாய்வில் கிடைக்கும் வாள் வெளியில் இருந்து பார்த்தால் துருக்கட்டியாகவே இருக்கும். முதலில் ஊடுகதிர்ப் படம் எடுத்து உள்ளே உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிடியின் மரநாரோ உறையின் துணியோ துருவில் அச்சாகப் பதிந்திருக்கலாம். சுரண்டிவிட்டால் அந்தச் சான்று போய்விடும். பின்னர் உப்பை நீக்கக் காரக் கரைசலில் நாட்கணக்கில் வைத்து, உலர்த்தி, டானிக் அமிலம் பூசி, மெழுகுப் பூச்சு கொடுப்பது வழக்கம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகம் இந்தியாவில் இத்தகைய பணிக்கு முன்னோடி. அங்கே எஸ். பரமசிவன் உலோகப் பொருட்களை மின்பகுப்பு முறையில் துலக்கிய பணி புகழ்பெற்றது.

கல்லுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்களுக்கு மக்கள் வைத்த பெயர் வேடியப்பன். வில்லும் வாளும் ஏந்தியவனை வேட்டைத் தெய்வமாகக் கொண்டு பொங்கலிட்டு, கிடா வெட்டி, மண்குதிரை வைத்து வணங்குகிறார்கள். இறந்தவனின் பெயரும் எழுத்தைப் படிக்கும் அறிவும் மறைந்த பின்னும் கல் காப்பாற்றப்பட்டது இந்த வழிபாட்டால்தான். வேடியப்பன் என்று பெயர் பெறாத எத்தனையோ கற்கள் துவைகல்லாகவும் மதகுப் பலகையாகவும் வரப்புக்கல்லாகவும் போயின. ஆனால் அதே வழிபாடு கல்லின் மேல் எண்ணெய், மஞ்சள், குங்குமம், கற்பூரப் புகை, சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காகப் படிய வைக்கிறது. அண்மைக் காலத்தில் எனாமல் பெயின்ட் சேர்ந்துகொண்டது. வீரனுக்குப் புது மீசையும் வாளுக்கு வெள்ளி நிறமும் பூசும்போது எழுத்து மூடிப்போகிறது. இவற்றில் அதிகக் கேடு செய்வது கல்லை ஒட்டி ஏற்றும் நெருப்பு. கருங்கல் சூட்டில் செதிள் செதிளாகப் பெயரும். பெயர்ந்த செதிளோடு எழுத்தும் போய்விடும்.

துலக்கத் தொடங்குமுன் ஊராரிடம் அனுமதி பெறுவது மரியாதை மட்டும் அன்று, வேலையின் முதல் படி. வழிபாட்டில் உள்ள கல்லைப் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் முன்னிற்க, அவர்கள் குறிக்கும் நாளில் கழுவுவதே முறை. முதலில் இருந்தது இருந்தபடி எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை. மண்ணும் தூசியும் இதிலேயே போய்விடும். பாசியும் கற்பாசியும் படிந்திருந்தால் மிக நீர்த்த அம்மோனியாக் கரைசலை அயனியல்லாத சலவைத் திரவத்தோடு சேர்த்துத் தடவி, சற்று ஊறவிட்டு, தேய்த்து, பல முறை தண்ணீர் விட்டு அலசுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு கல்லின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். கரைப்பானில் நனைத்த காகிதக் கூழை அப்பி, அது உலரும்போது பிசுக்கை உறிஞ்சி எடுக்க விடுவார்கள். சுண்ணாம்பை நனைத்து இளக்கி மூங்கில் சிராயால் எழுத்தின் பள்ளத்திலிருந்து நெம்பி எடுக்கலாம். கைக்கு எட்டுவது ஆசிட் என்பதால் அதை ஊற்றுவோர் உண்டு. அது கல்லில் உள்ள இரும்புத் தாதுவைத் தாக்கிப் பழுப்புக் கறையை நிரந்தரமாக்கும். கம்பித் தூரிகையும் மணல்வீச்சும் அறவே கூடாது. கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சால் மழுங்கிய கல்வெட்டுகள் எத்தனையோ. நடுகல்லின் எழுத்து கோயில் கல்வெட்டைவிட ஆழம் குறைந்தது. ஒரு முறை மணல் பட்டாலே அது போய்விடும்.

கல் சுத்தமானதும் மைப்படி எடுக்கப்படும். ஈரமாக்கிய தாளைக் கல்லின்மேல் ஒட்டி, குமிழி இல்லாமல் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். தாள் பாதி உலர்ந்ததும், கரிமை தோய்த்த துணிப் பொதியால் மேலே மெல்ல ஒற்றினால், மேடு கறுத்துப் பள்ளம் வெளுப்பாக நிற்கும். கல்லில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோடு தாளில் தெளிவாக வருவது உண்டு. மைப்படிக்கு முன்பும் பின்பும் கல்லை வெவ்வேறு வெளிச்சத்தில் பார்ப்பதும் அவசியம். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் கல், காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சாய்ந்த வெயிலில் எழுத்தை நிழலோடு எழுப்பிக் காட்டும். வாளின் குமிழும் அம்பின் இறகும்கூட அப்போதுதான் பிரிந்து தெரியும். எழுத்தில் சாக்பீஸ் தேய்த்துப் படிப்பது தவறான பழக்கம். படிப்பவர் தாம் ஊகித்த எழுத்தையே வெள்ளையில் வரைந்துவிடுவார். அடுத்து வருபவர் அந்த ஊகத்தைத்தான் படிப்பார்.

காட்சிக்கு வைப்பதிலும் சங்க இலக்கியம் இரண்டு படங்களைத் தருகிறது. வழியோரம் நின்ற நடுகற்களுக்கு மயிற்பீலி சூட்டி, வேலை ஊன்றி, கேடயத்தைச் சாத்தி வைத்திருந்ததை அகநானூற்றுப் பாடல்கள் சொல்கின்றன. இறந்தவனோடு அவன் ஆயுதமும் காட்சியாக நின்றது. இன்னொன்று புறநானூற்றின் 95ஆவது பாட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஒளவையாருக்கு அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டினான். நெய் பூசி, பீலி அணிந்து, மாலை சூட்டி, காவல் மனையில் அவை அழகாக இருந்தன. என் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஒளவையார். துலக்கி வைத்த ஆயுதத்துக்கும் பயன்பட்ட ஆயுதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன பழம்பாட்டு தமிழில் இல்லை. அருங்காட்சியகம் வைத்திருப்பவரும் அதை நினைவில் கொள்வது நல்லது: முறிந்த நுனியை ஒட்டவைத்துப் புதிதாக்கினால் அந்த வாள் சொல்ல வந்த செய்தி அழிந்துவிடும்.

கவனிப்பாரின்றிக் கிடந்த கற்கள் பல தருமபுரி நகரில் உள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. சாலை அகலப்படுத்தியபோதும் ஏரி தூர்வாரியபோதும் பெயர்ந்த கற்களுக்கு இப்படி ஒரு புகலிடம் இல்லாமல் தீராது. அங்கே வைக்கும்போது சில ஒழுங்குகள் தேவை. கரட்டு அடிப்பகுதியை வெட்டிவிடாமல் பீடத்துக்குள் இறக்கி நிறுத்த வேண்டும். சிமென்ட் கலவையில் புதைத்தால் அதிலுள்ள உப்பு கல்லில் ஏறும். மணலோ சுண்ணக் காரையோ மேல். இரும்புப் பட்டை கொண்டு கட்டினால் துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கும். வெளிச்சம் நேர் முன்னிருந்து விழாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். பக்கத்தில் வைக்கும் பலகையில் நூற்றாண்டும் அரசன் பெயரும் மட்டும் போதாது. கல் எந்த ஊரில், எந்த ஏரிக்கரையில், எந்தத் திசை நோக்கி நின்றது என்பதும் வாசகத்தின் முழுப்படியும் இன்றைய தமிழில் அதன் பொருளும் இருக்க வேண்டும். கண்டெடுத்த இடம் தெரியாத நடுகல், வாளிலிருந்து கழற்றிய காப்பைப் போலத்தான். செய்நேர்த்தியைச் சொல்லும், நடந்ததைச் சொல்லாது. அந்த வீரன் எந்த மேய்ச்சல் நிலத்துக்காக எந்தக் கணவாயில் மறித்தான் என்பது கல் நின்ற இடத்தோடு சேர்ந்தே விளங்கும். ஆகவே வழிபாட்டிலோ ஊரார் பாதுகாப்பிலோ உள்ள கல்லை அங்கேயே விட்டு, மேலே ஒரு கூரையும் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகையும் வைத்து, நெருப்பைச் சற்றுத் தள்ளி ஏற்றச் சொல்வதே சிறந்த வழி.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878இன் புதையல் சட்டம். தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலப் பாதுகாப்புச் சின்னங்களைக் காக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்த சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் தொல்பொருளாகக் கொள்ளும் 1972ஆம் ஆண்டின் நடுவண் சட்டம், தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடை செய்கிறது. ஏர் ஓட்டும்போதோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ எழுத்துள்ள கல்லோ துருப்பிடித்த அலகோ தென்பட்டால், அதைக் கழுவாமல், அசைக்காமல், கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ வட்டாட்சியர் வழியாகவோ தொல்லியல் துறைக்குச் சொல்வது போதுமானது. கல்லைத் திருப்பிப் போடுவதும் எழுத்தைத் தேய்த்துப் பார்ப்பதும் துறையினர் வந்தபின் செய்ய வேண்டிய வேலைகள்.